கம்ப்யூட்டரே கதி என்பவருக்குக் காதல் வருமா?

கேள்வி: எனக்கு நிச்சயிக்கப்பட்டவர் புரோகிராமர். இந்த மாதிரி ஆட்களுக்கு உணர்ச்சியே கிடையாது என்று தோழிகள் பயமுறுத்துகிறார்கள். கூப்பிட்டால் ‘அஞ்சு நிமிஷம்’ என்பார். வர ஒரு மணி நேரம் ஆகிறது. உண்மையிலேயே அக்கறை இல்லாதவரா?

பதில்: தோழிகள் சொல்வது தொழிலை வைத்துக் குணத்தை அளப்பது. அந்த ‘அஞ்சு நிமிஷம்’ பெரும்பாலும் பொய்யல்ல, தப்புக்கணக்கு. எழுதிய புரோகிராமில் பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாதவரை அதைச் சரிசெய்ய எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாதியில் எழுந்தால் மனதில் கோத்து வைத்திருந்த இழைகள் அறுந்துவிடும். மறுபடி கோக்க நேரம் பிடிக்கும். அதனால் ‘இப்பவே வாங்க’ என்பதைவிட, ‘8 மணிக்குக் கிளம்பணும்’ என்று முன்கூட்டியே சொல்லுங்கள். 7.45க்கு அவரே அலாரம் வைக்கட்டும். விட்ட இடத்தை இரண்டு வரி குறித்துவிட்டால் எழுந்து வருவது சுலபம்.

இன்னொன்று: மனக்குறையைச் சொன்னால் உடனே தீர்வு நீட்டுவார். ‘யோசனை வேண்டாம், கேட்டால் போதும்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஜாடை பேச்சு எடுபடாது. (அது யாரிடம்தான் எடுபடுகிறது!)

ஆனால் அலாரம் அடித்தும் ஒவ்வொரு முறையும் எழாமல், கேட்டால் எரிந்து விழுகிறார் என்றால், அதற்குக் கம்ப்யூட்டர்மேல் பழி போடாதீர்கள். கல்யாணத்துக்கு முன்பே அதை நேரடியாகப் பேசிவிடுங்கள்.