ஆய்வுப் பணியிலிருந்து தரவுப் பகுப்பாய்வுக்கு

தம்பி, இரண்டாவது ஆய்வு ஒப்பந்தமும் முடியும் தறுவாயில் இருக்கிறது, தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்றவன் இங்கே தரவுப் பகுப்பாய்வு வேலைக்குப் போக முடியுமா, அதற்கு இன்னொரு முதுகலைப் பட்டம் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பதினொரு ஆண்டுகளுக்கு முன் மரபியல் ஆய்வை விட்டு இந்த வேலைக்கு வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: போக முடியும், இன்னொரு பட்டம் வேண்டாம்.

நீங்கள் பயந்துகொண்டிருக்கும் துறை உங்களுக்கு அந்நியமானதன்று. 1919இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர், வயலைத் துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டுக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, விளைச்சலை ஒப்பிடும் வழியை வகுத்தார். இணைய நிறுவனங்கள் ஒரு பக்கத்தின் இரு வடிவங்களைப் பயனர்களுக்குப் பிரித்துக் காட்டி, 'ஏ/பி சோதனை' என்ற பெயரில் இன்று செய்வதும் அதே வேலைதான். நீங்கள் நாள்தோறும் புள்ளியியல் கணக்குகளுக்குப் பயன்படுத்தும் ஆர் என்ற நிரல்மொழியும் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரு புள்ளியியலாளர்களின் கையில் பிறந்ததே.

உங்களிடம் இல்லாதது எஸ்.க்யூ.எல்., அதாவது தரவுத்தள அட்டவணைகளிலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் மொழி. அதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். இலக்கணம் சில வாரங்களில் பிடிபட்டுவிடும்; கவனம் பழகத்தான் நாளாகும். வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதம், விற்பனை அட்டவணையைச் சலுகைக் கூப்பன் அட்டவணையோடு இணைத்து மாத வருவாயைக் கணக்கிட்டேன். இரண்டு கூப்பன் பயன்படுத்திய ஒவ்வொரு விற்பனையும் இரண்டு வரிகளாகப் பெருகி, அதன் தொகை இருமுறை கூட்டப்பட்டிருந்தது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. கணக்குப் பிரிவில் இருந்த ஓர் அம்மையார்தான் தொகை கூடுதலாக இருக்கிறதே என்று கேட்டார். அன்று தொடங்கி, எந்த இணைப்புக்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணிப் பார்க்காமல் நான் ஒரு தொகையையும் வெளியே அனுப்பியதில்லை.

கருவிகளைவிடக் கடினமானது, எந்த இடத்தில் போதும் என்று நிறுத்துவது என்பதுதான். கட்டுரை மதிப்பீட்டாளர்களுக்காக மாதக்கணக்கில் திருத்தி எழுதிய பழக்கத்தில், ஒரு சலுகையைத் தொடரலாமா என்ற கேள்விக்கு இருபத்திரண்டு பக்க அறிக்கை கொடுத்தேன், மேலாளர் முதல் அரைப் பக்கத்தைப் படித்துவிட்டு, "தொடரலாமா, வேண்டாமா?" என்றார். இப்போது முதல் வரியில் விடையையும், அடுத்த வரியில் அதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் எழுதுகிறேன்.

தன்விவரக் குறிப்பை இரண்டு பக்கத்துக்குள் அடக்குங்கள். வெளியீடுகளின் பட்டியலை ஒரு வரியாக்கிவிட்டு, பாதி விடுபட்டுக் கிடந்த களத் தரவை எப்படி ஒழுங்குபடுத்தினீர்கள், அதனால் எந்த முடிவு மாறியது என்பதை எழுதுங்கள். ஆய்வை விட்டுப் போகிறோமே என்ற வருத்தம் இருக்கத்தான் செய்யும். எனக்கு ஓராண்டுக்கு மேல் இருந்தது.

ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். உங்கள் தங்கும் அனுமதி ஆய்வுப் பணியோடு கட்டப்பட்டதா, நிறுவனத்துக்கு மாறினால் புதிதாகப் பெற வேண்டுமா என்பதைப் பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டவர் பிரிவில் இப்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். புதிய அனுமதி தேவை என்றால், அது கைக்கு வரும்வரை விலகல் கடிதம் கொடுக்காதீர்கள்.