‘வேலையில் அடிபட்டால்தான் சொக்சோ’ என்று சொன்னால் நம்பாதீர்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 54. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் செம்பனைக் குலை வெட்டியவர். கடைசி மூன்று வருடம் காண்ட்ரேக்டரிடம் வேலை. பதினோரு மாதத்துக்கு முன்பு வீட்டில் தூக்கத்திலேயே ஸ்ட்ரோக் வந்துவிட்டது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு இல்லை, ஆனால் நாம் சொல்வது புரிகிறது. மூக்கில் குழாய் வைத்துத்தான் பால். பள்ளிக் கேண்டீன் வேலையை விட்டுவிட்டு நான் கூடவே இருக்கிறேன். தூக்கிக் குளிப்பாட்ட உதவும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மாதம் 400 வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கிறேன். காண்ட்ரேக்டரிடம் கேட்டால், வேலையில் அடிபட்டால்தான் சொக்சோ (மலேசியத் தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பணம் தரும் என்கிறார். கொழுந்தனார், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் முழுவதையும் எடுக்கலாம், அதற்குத் தன் பெயரில் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுங்கள் என்கிறார். மூத்த மகன் சிங்கப்பூரில் இருந்தும் ஒரு காசு அனுப்புவதில்லை. அவன் மேல் கேஸ் போட முடியுமா? ஈப்போவில் வங்கியில் வேலை பார்க்கும் மகள்தான் எங்களைத் தாங்குகிறாள்.
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, முதலில் காண்ட்ரேக்டர் சொன்னதை ஒதுக்கி வையுங்கள். தோட்டப்புறத்தில் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1969ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டு திட்டங்கள் உண்டு. ஒன்று வேலையிட விபத்துக்கு. மற்றொன்று உடல் முடியாமைக்கான ஓய்வூதியம்; சொக்சோ அலுவலகத்தில் மலாயில் ‘பென்சன் இலாட்’ என்பார்கள். இந்த இரண்டாவது திட்டத்துக்கு நோய் எங்கே, எப்போது வந்தது என்பது கணக்கே இல்லை. வீட்டில் தூக்கத்தில் வந்த ஸ்ட்ரோக்கும் சேரும். உங்கள் கணவரின் சம்பளச் சீட்டில் மாதாமாதம் ஏழெட்டு ரிங்கிட் பிடித்தார்களே, அந்தப் பணம் இதற்காகத்தான்.

இனி நான் சொல்வதைத் தேதியோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்களுக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. முழு ஓய்வூதியம் பெற, மனு போய்ச் சேரும் மாதத்துக்கு முந்தைய 40 மாதங்களில் குறைந்தது 24 மாதத்துக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். அவர் வேலைக்குப் போகாமல் 11 மாதமாகிறது. அதற்கு முன் ஒரு மாதம்கூட விடாமல் சந்தா கட்டியிருந்தால், இன்று 40இல் 29 இருக்கும். ஒவ்வொரு மாதமும் நீங்கள் காத்திருந்தால் அதில் ஒன்று குறையும். இன்னும் ஐந்து மாதம் போனால் சரியாக 24, ஆறாவது மாதம் 23. காண்ட்ரேக்டர் நடுவில் ஆறு மாதம் கட்டாமல் விட்டிருந்தால் இன்றைக்கே 23தான்.

அப்படி ஆனாலும் கதவு முழுக்க மூடிவிடாது. முதன்முதலில் சொக்சோவில் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரையுள்ள மாதங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சந்தா இருந்தால், அதுவும் 24 மாதத்துக்குக் குறையாமல் இருந்தால், முழு ஓய்வூதியமே கிடைக்கும். மூன்றில் ஒரு பங்கும் 24 மாதமும் இருந்தால் குறைந்த விகித ஓய்வூதியம் உண்டு. இருபது வருடம் உழைத்தவருக்கு இந்த வழி பெரும்பாலும் திறந்தே இருக்கும். ஆனால் சுலபமான வழி கைவசம் இருக்கும்போது சுற்றுவழிக்கு ஏன் போக வேண்டும்? இந்த வாரமே ஈப்போ சொக்சோ அலுவலகத்துக்குப் போய் அவருடைய சந்தாப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். மனுவையும் அன்றே கொடுத்துவிடுங்கள்.

பட்டியலில் காண்ட்ரேக்டர் காலத்து மாதங்கள் விடுபட்டிருந்தால், வீட்டிலிருக்கும் சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுங்கள். கசங்கியிருந்தாலும் எண்ணெய்க் கறை பட்டிருந்தாலும் அது சாட்சிதான். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது குற்றம். அதைவிட முக்கியமான ஒன்று: காண்ட்ரேக்டர் வழியாக வேலைக்கு வைத்த ஆளுக்கும் சந்தா கட்டும் முதல் பொறுப்பை இந்தச் சட்டம் பிரதான முதலாளி மீதுதான், அதாவது தோட்டத்தின் மீதுதான், வைக்கிறது. ‘அவர் எங்கள் ஆள் இல்லை’ என்று தோட்ட அலுவலகம் கையை விரித்தால், அதை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள்.

எவ்வளவு கிடைக்கும்? முழுத் தகுதி இருந்தால், கடைசி 24 மாதச் சராசரிச் சம்பளத்தில் 50 விழுக்காடு. அதற்கு மேல் கட்டிய ஒவ்வொரு 12 மாதச் சந்தாவுக்கும் ஒரு விழுக்காடு கூடி, 65இல் போய் நிற்கும். இருபது வருடச் சந்தா இருந்தால் 65தான். சராசரி 1,600 ரிங்கிட் என்று வைத்தால் ஏறக்குறைய 1,040. இது ஆயுள் முழுக்க. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: அவருக்குப் பின் அது குடும்பத்தாருக்கான ஓய்வூதியமாக உங்களுக்குத் தொடரும்.

இதற்கு மேல் இன்னொன்று இருக்கிறது. கேட்காததாலேயே பலர் இதை இழக்கிறார்கள். நோயாளிக்கு எந்நேரமும் இன்னொருவர் துணை வேண்டும் என்று சொக்சோவின் மருத்துவர் குழு சான்று தந்தால், மாதம் 500 ரிங்கிட் வரை ‘எலாவுன் லாயானான் செந்தியாசா’ என்ற பராமரிப்புப் படி தனியாக உண்டு. பக்கத்து வீட்டு அக்காவின் 400 அதிலேயே அடங்கிவிடும். ஆனால் மருத்துவமனை அறிக்கையில் ‘நிலையாக இருக்கிறார்’ என்று ஒரே வரி எழுதியிருந்தால் குழுவுக்கு என்ன தெரியும்? ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வாரம் எழுதுங்கள்: எத்தனை மணிக்குக் குழாயில் பால், இரவில் எத்தனை முறை புரட்டிப் படுக்க வைத்தீர்கள், பேம்பர்ஸ் எத்தனை, முதுகில் புண் எங்கே, தூக்க எத்தனை பேர் வேண்டியிருந்தது. அதை டாக்டரிடம் காட்டி அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள். குழு முன்னால் போகும்போது ‘எப்படியோ சமாளிக்கிறோம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நம் பெண்கள் வாயில் வருவது அதுதான். மறுத்துவிட்டால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

சமூக நல இலாகாவிலும் படுக்கையில் கிடக்கும் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 500 ரிங்கிட் உதவித்தொகை உண்டு. உங்களுக்கான அலுவலகம் குவாலா கங்சாரில். குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள், சொக்சோ பணம் வர ஆரம்பித்தால் அதையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். மறைக்காதீர்கள். மனு இப்போதே போகட்டும், கூடவே ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டைக்கும் போடுங்கள்.

இபிஎஃப் விஷயத்தில் கொழுந்தனார் பாதி சரி. உழைக்க முடியாமல் போனவர் சேமிப்பு முழுவதையும் எடுக்க வழி உண்டு. அதனால் சொக்சோ உரிமை குறையாது. ஆனால் அவசரம் என்ன? அங்கே கிடக்கும் பணத்துக்கு லாப ஈவு வந்துகொண்டே இருக்கிறது. ஓய்வூதியம் முடிவாகட்டும், எவ்வளவு பற்றாக்குறை என்று தெரிந்த பிறகு யோசியுங்கள். கொழுந்தனார் பெயரில் பவர் வேண்டவே வேண்டாம். உங்கள் கணவருக்குப் புரிகிறது, தலையசைத்துச் சம்மதம் சொல்ல முடிகிறது என்றால், இடது கைப் பெருவிரல் ரேகையே போதும். அவசியமென்றால் அதிகாரப் பத்திரம் உங்கள் பெயரில் இருக்கட்டும். வழக்கறிஞர் அவருக்குத் தமிழில் விளக்கிச் சொன்ன பிறகே ரேகை வைக்க வேண்டும். நாளை அவருக்கு நினைவு தப்பினால் அந்தப் பத்திரம் செல்லாது. பிறகு 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி உயர்நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். அது செலவு பிடிக்கும் வேலை.

மகன் மேல் கேஸா? மலேசியாவில், முஸ்லிம் அல்லாத பிள்ளைகளைப் பெற்றோருக்குப் பராமரிப்புத் தொகை கொடுக்கச் சொல்லும் சட்டம் இல்லை. 1950ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும். சிங்கப்பூரில் 1995ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது அங்கேயே வசிக்கும் பெற்றோருக்கு. உங்களுக்கு உதவாது. உறவினர் யாரையாவது விட்டுப் பேச வையுங்கள், கோர்ட் வேண்டாம்.

மகளுக்கு ஒரு வழி இருக்கிறது. வருமான வரி கட்டுபவரென்றால், பெற்றோரின் மருத்துவத்துக்கும் பராமரிப்புக்கும் அவர் செலவழிப்பதில் ஆண்டுக்கு 8,000 ரிங்கிட் வரை கழிவு கேட்கலாம். டாக்டர் சான்று வேண்டும். பராமரிப்பவர் மகளாகவோ அவருடைய கணவர், பிள்ளைகளாகவோ இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா தாராளமாகப் பொருந்துவார். இனி அந்த 400ஐ மகளே கொடுக்கட்டும், மாதாமாதம் ரசீதில் கையெழுத்து வாங்கட்டும்.

உங்களுக்கு 55 வயது ஆகவில்லை என்றால், இல்லத்தரசிகளுக்கான சொக்சோ திட்டத்தில் ஆண்டுக்கு 120 ரிங்கிட் கட்டிச் சேருங்கள். தினமும் ஒரு ஆளைத் தூக்கும் உங்கள் இடுப்புக்கும் காப்பு வேண்டாமா?

கடைசியாக, ‘நான் முடித்துத் தருகிறேன், முதல் பணத்தில் இத்தனை பங்கு’ என்று யாராவது வீட்டுக்கு வருவார்கள். சொக்சோ மனுவுக்கு ஏஜெண்டும் வேண்டாம், என் போன்ற வக்கீலும் வேண்டாம். ஐசி (அடையாள அட்டை), சம்பளச் சீட்டுகள், மருத்துவ அறிக்கை, வங்கிக் கணக்கு எண், அந்த நோட்டுப் புத்தகம் – இவற்றோடு மகளைக் கூட்டிக்கொண்டு போனால் போதும். மேல்முறையீடு வரை போனால் மட்டும் சட்ட உதவி இலாகாவை நாடுங்கள்.