கடல் இல்லாத கொங்கு நாட்டில் கரையோரப் பிழைப்பு

"கொங்கு நாட்டில் கடல் இல்லை. நீர்க்கரையை நம்பிப் பிழைக்கிற ஊர்கள் அங்கே உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டுங்க. பவானிசாகர் அணையின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். பவானியும் மோயாறும் சேருகிற இடத்தில் 1955-இல் கட்டி முடித்த மண் அணை அது. 105 அடிக்குத் தேக்கினால் 32.8 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) தண்ணீர் பிடிக்கும். அணை என்றதும் எங்கள் பக்கம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கீழ்பவானி வாய்க்கால்தான். ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். ஒரு பாதிக்கு நெல், மறு பாதிக்குக் கடலை, எள் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். தேக்கத்தின் விளிம்பில் குடியிருப்பவர்களைப் பற்றிப் பேச்சு வருவது குறைவு.

அங்கே கரை ஓரிடத்தில் நிற்காது. நீர்மட்டம் இறங்க இறங்க வண்டல் படிந்த நிலம் வெளியே வரும். கோவை மாவட்டத்தில் சிறுமுகையை ஒட்டிய லிங்காபுரம், காந்தவயல், உளியூர் பக்கம் அதில் வாழை வைக்கிறார்கள். நேந்திரன், கதலி எல்லாம் நன்றாக வரும். சிக்கல் என்னவென்றால், வாழை தார் வெட்டுக்கு வரக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகும். அதற்குள் நீலகிரியிலும் அட்டப்பாடிப் பக்கமும் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், தார் விட்ட வாழை சில நாளில் தண்ணீருக்குள் நிற்கும். வாய்க்கால் பாசனக்காரர் "டேம் நிறைஞ்சிடுச்சு" என்று சந்தோஷப்படுகிற அதே வாரம் இவர்கள் முற்றாத தாரை அவசரமாக வெட்டிப் பரிசலில் ஏற்றுவார்கள். அணைக்காக எடுத்த நிலம் என்பதால் இழப்பீடு கேட்பதும் கஷ்டம். அப்புறம் காட்டிலிருந்து யானை வேறு வரும்.

போக்குவரத்தும் நீர்மட்டம் சொன்னபடிதான் இருந்தது. காந்தவயலுக்குப் போகும் பழைய தாழ்வான பாலம் அணை நிறையும்போது மூழ்கிவிடும். பல வருஷங்களாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும், வாழைத்தாரும், நோயாளிகளும் அந்த மாதங்களில் பரிசலிலோ மோட்டார் படகிலோதான் அக்கரை சேர்ந்தார்கள்.

மீன் இன்னொரு வரவு. கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி. மீன்பிடிப்பு அரசு மீன்வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. மீனவர்கள் பரிசலில் போய் வலை போடுகிறார்கள். தண்ணீர் குறைந்தால் மீன் ஒடுங்கும், வலையில் அதிகம் விழும். நிறைந்தால் பரவிப் போய்விடும். விளிம்பில் வாழை வைப்பவருக்கும் மீனவருக்கும் கோடைதான் நல்ல காலம் என்பது வாய்க்கால் பக்கத்து ஆளுக்குக் கேட்கவே விசித்திரமாக இருக்கும்.

அணையின் நீர்மட்டம் தினமும் பத்திரிகையில் வருகிறது. சரி, அது பாசனக்காரருக்குப் போதும். விளிம்பில் வாழை வைத்தவருக்கு "இன்னும் இத்தனை நாளில் உங்கள் தோட்டம் வரை தண்ணீர் வரும்" என்று முன்கூட்டியே சொல்ல ஓர் ஏற்பாடு வேண்டும். அணைக்கு எவ்வளவு நீர் வருகிறது என்ற கணக்கு அதிகாரிகளிடம் இருக்கும்போது இது முடியாத காரியம் இல்லை.