பழைய டைட்டிலை எடுக்க புரோக்கருக்கு 2,000 டாலரா?

கேள்வி: என் மருமகள் ஜப்பானிய வம்சாவளிக் கனடியர். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மிஷன் பக்கம் அவளுடைய கொள்ளுத்தாத்தாவுக்கு இருந்த ஸ்ட்ராபெரி தோட்டம் போர்க்காலத்தில் பறிபோனது. பழைய டைட்டிலை, அதாவது நில உரிமைப் பதிவுச் சான்றை எடுத்து, நிலத்தையே மீட்டுத் தருவதாக ஒருவர் 2,000 டாலர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள், ஒரு டாலர்கூட. நிலம் திரும்ப வராது. அந்த ஆசையை வைத்துத்தான் இந்த ஆட்கள் பிழைக்கிறார்கள்.

1942-ல் ஜப்பானோடு நடந்த போரைக் காரணம் காட்டி, கடற்கரைப் பகுதியிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 22,000 பேரை வெளியேற்றியபோது, பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லித்தான் சொத்துகளை எதிரிச் சொத்துக் காப்பாளர் என்ற அரசு அதிகாரியின் கையில் சேர்த்தார்கள். 1943 ஜனவரியில் வந்த ஆணை, உரிமையாளரைக் கேட்காமலே விற்கலாம் என்றது, விற்றும்விட்டார்கள். அங்கே நிலப்பதிவு டோரன்ஸ் முறையில் நடக்கிறது. நம்மூர் மாதிரி மூலப்பத்திரத்திலிருந்து வில்லங்கம் பார்த்து வருகிற வேலை இல்லை, இன்று பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். ரத்தான பழைய டைட்டிலைக் காட்டி அவரை அசைக்க முடியாது. அதே மாகாணத்தின் ஸால்ட் ஸ்பிரிங் தீவில் நூற்றுக்கணக்கான ஏக்கரை இப்படி இழந்த டொராசோ இவாசாகி தானே வழக்குப் போட்டும் தோற்றார்.

"வான்கூவரில் ஒரு கட்டடத்தைத் திருப்பிக் கொடுத்தார்களே" என்று அந்த ஆள் சொல்வார். உண்மைதான், அலெக்சாண்டர் தெருவில் இருக்கும் ஜப்பானிய மொழிப் பள்ளி. ஆனால் அது ஒரு சமூகத்தின் பொதுச் சொத்து, தனி ஆளுடையது அல்ல. அதிலும் பாதிதான் திரும்ப வந்தது, அதுவும் 1950களின் தொடக்கத்திலேயே முடிந்த கதை. அதை உங்கள் தோட்டத்துக்கு உதாரணமாக யாராவது காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, ஆவணம் மட்டும் போதும் என்றால் காப்பாளர் அலுவலகக் கோப்பிலிருந்து தொடங்குங்கள். விக்டோரியா பல்கலைக்கழகத்தின் 'லேண்ட்ஸ்கேப்ஸ் ஆஃப் இன்ஜஸ்டிஸ்' இணையக் காப்பகத்தில் இலவசமாகத் தேடலாம். ஜப்பானியப் பெயரை அன்றைய குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், அதனால் நாலைந்து எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். நிலத்தின் லாட் எண் (மனை எண்), பிளான் எண் (அளவை வரைபட எண்) கிடைத்தால் அதைக் கொண்டு மாகாண நிலப்பதிவு அலுவலகத்தில் பழைய டைட்டிலைக் கேட்கலாம். தெரு முகவரியை நம்பிப் போனால் வேறு யாருடைய நிலமோ வரும்.

அந்தப் பக்கத்துத் தோட்டங்கள் நூற்றுக்கணக்கில் மொத்தமாக, போர்வீரர்களுக்குக் கடனில் நிலம் கொடுத்துக் குடியமர்த்தும் திட்டத்துக்காக அரசாங்கத்துக்கே விற்கப்பட்டன. கடன் தீரும்வரை திட்ட இயக்குநர் பெயரிலேயே டைட்டில் இருக்கும், வாங்கிய வீரரின் பெயர் பல வருடம் கழித்துத்தான் ஏறும். புரோக்கர் இயக்குநர் பெயரில் இருக்கிற அந்த ஒரு தாளைக் காட்டி "பாருங்கள், இன்னும் அரசிடம்தான் இருக்கிறது" என்பார். அடுத்த டைட்டிலையும் காட்டச் சொல்லுங்கள்.

ஒரே தோட்டத்தின் காகிதங்கள் ஒட்டாவாவில் பாதி, மாகாணத்தில் பாதி. பறித்தவர்கள்தானே தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும்? எண்பது வருடம் கழித்தும் பேரப்பிள்ளைகள் அலைகிறார்கள், அந்த அலைச்சலில்தான் புரோக்கருக்கு வேலை கிடைக்கிறது.

1988-ல் கனடா அரசு அறிவித்த 21,000 டாலர் இழப்பீடும் அப்போது உயிரோடு இருந்தவர்களுக்குத்தான், கொள்ளுப்பேத்திக்கு வராது. அப்புறம், கோப்பு கிடைத்தால் மருமகளையே முதலில் படிக்கச் சொல்லுங்கள். கொள்ளுத்தாத்தா கையெழுத்துப் போட்ட சொத்துப் பட்டியல் அதில் இருக்கலாம்.