படிக்காமல் போட்ட கையெழுத்து

கேள்வி: எங்கள் ஊர் எய்டட் எல்.பி. (அரசு உதவி பெறும் தொடக்க) பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் குறைந்துவிட்டதாகச் சொல்லி, வரும் மே மாதத்தோடு மானேஜர் பள்ளியை மூடப்போகிறார். இரண்டரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலையாளப் பள்ளியில் சேர்க்கச் சொல்கிறார்கள். என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கடந்த ஆகஸ்டில் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்க) கமிட்டிக் கூட்டத்தில், மலையாளத்தில் எழுதியிருந்த மினிட்ஸ் புத்தகத்தில் ஹெட்மாஸ்டர் விரல் வைத்த இடத்தில் நானும் கையெழுத்திட்டேன். எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. மனைவிதான் மலையாளப் பத்திரிகை படிப்பாள். சட்டப்படி இதைத் தடுக்க முடியுமா?
– ஒரு தந்தை, சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்

பதில்: தம்பி, சட்டத்தைப் பிறகு பேசுவோம். வாசிக்கத் தெரிந்த மனைவியை வீட்டில் விட்டுவிட்டு, வாசிக்கத் தெரியாத நீங்கள் கூட்டத்துக்குப் போய், யாரோ விரல் வைத்த இடத்தில் மகளின் பள்ளியைப் பற்றிய தாளில் கையெழுத்திட்டு வந்திருக்கிறீர்கள். அது தோப்புக் கிரயப் பத்திரமாக இருந்திருந்தால் நான்கு பேரிடம் காட்டி, வரி வரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதானே பேனாவை எடுத்திருப்பீர்கள்? வீட்டில் யாருக்கு எது தெரியுமோ அதற்கு அவரை முன்னால் நிறுத்துவதுதான் குடும்பம் என்பது என் உறுதியான எண்ணம். கமிட்டி நாற்காலி ஆணுக்கென்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.

இனிச் சட்டம். 1958-ஆம் ஆண்டின் கேரளக் கல்விச் சட்டம், 7-ஆம் பிரிவின்படி, மே 31-இல் முடியும்படியாக ஓராண்டு முன்னறிவிப்பை உரிய அதிகாரியிடம் கொடுக்காமல் எந்த மானேஜரும் பள்ளியை மூட முடியாது. ஆகஸ்டு கூட்டத்துக்குப் பிறகுதான் அறிவிப்பு கொடுக்கப்பட்டது என்றால், இந்த மே மாதத்துக்குள் ஓராண்டு நிறைவதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு நடந்து செல்லும் ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குப் போதிய வசதி செய்து தரும்படி அரசமைப்பின் 350ஏ பிரிவு மாநிலத்துக்குச் சொல்கிறது. இவற்றில் எதுவும் பள்ளியை மூடவே கூடாது என்று சொல்லவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கோழிக்கோடு மலாப்பறம்பில் 2016-இல் நீதிமன்ற உத்தரவுப்படி பூட்டப்பட்ட எய்டட் பள்ளியை அரசே ஏற்க முன்வந்ததற்குக் காரணம், ஊர் மக்கள் பள்ளி வாசலை விட்டு நகராமல் நின்றதுதான்.

இரண்டு தாள் எழுதுங்கள். முதலாவது, அறிவிப்பு எந்தத் தேதியில் வந்தது என்று கேட்டு, ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அதிகாரி) அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம். அதை உங்கள் மனைவி மலையாளத்தில் எழுதட்டும், முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். இரண்டாவது, திருவனந்தபுரத்தில் பொதுக்கல்வி இயக்குநருக்கு மனு. அதை நீங்கள் தமிழிலேயே எழுதலாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழில் எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அந்த மினிட்ஸ் பக்கத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டதை மனுவில் மறைக்காமல் சொல்லுங்கள். மனுவை ஊரில் மற்றப் பெற்றோரிடம் கொண்டுபோகும் முன், உங்கள் மனைவி கையெழுத்திடட்டும். அதன் கீழே நீங்கள் போடுங்கள்.