கிடாயின் தாயைப் பார்த்தீர்களா?

கேள்வி: ஐயா, நான் ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறேன். 2 ஏக்கர் மேட்டுக்காணியும் 12 ஊர் மறியாடுகளும் இருக்கின்றன. அயலில் மாட்டுப்பட்டிகளும் உண்டு. வேல்ஸில் இருக்கும் என் தம்பி நல்லினக் கிடாய் ஒன்று வாங்கப் பணம் அனுப்பியிருக்கிறான். அங்கே மட்டக்குதிரை ஏலம் ஒன்றுக்குப் போனபோது, ஒவ்வொரு குதிரையின் தாய், தந்தை, பாட்டன் பெயரெல்லாம் அச்சிட்ட புத்தகத்தைக் கையில் கொடுத்தார்களாம். "பத்திரம் இல்லாத மிருகத்தை வாங்காதே அக்கா" என்கிறான். வவுனியாப் பக்கம் ஒரு வியாபாரி அடுத்த மாதம் ஆட்டு ஏலம் வைக்கிறார். ஜமுனாபாரி என்னும் இந்திய ஆட்டினக் கிடாய்களுக்குப் பரம்பரைச் சான்றிதழும் தருவாராம். ஊர்க் கிடாயைப்போல் ஐந்து மடங்கு விலை. நம்பி வாங்கலாமா? பிறகு குட்டிகளை நல்லினம் என்று சொல்லி நானும் விற்கலாமா?

பதில்: அன்பின் தங்கை, உங்கள் தம்பி சொன்னதில் பிழையில்லை. ஆனால் அவர் பார்த்த பத்திரமும் உங்களுக்குக் காட்டப்போகும் பத்திரமும் ஒன்றல்ல. அதை முதலில் விளக்கிவிடுகிறேன். உங்கள் பணம் தப்புவதும் போவதும் இந்த இடத்தில்தான்.

வேல்ஸ் மட்டக்குதிரைகளுக்கென்று 1901இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை பிறப்புப் பதிவேடு எழுதி வருகிறார்கள். அதில் மலைக்குதிரைப் பிரிவில் சேரும் குதிரை 12 கை உயரத்தைத் தாண்டக்கூடாது. நம் கணக்கில் 122 சென்றிமீற்றர். பிரித்தானியாவில் கடவுச்சீட்டு இல்லாமல் குதிரையை விற்பது சட்டப்படி குற்றம். குதிரையின் கழுத்துக்குள் இலக்கம் பதித்த ஒரு சிறு மின்னணுச் சில்லைச் செலுத்தி வைத்திருப்பார்கள். கருவியைக் காட்டினால் இலக்கம் தெரியும். அந்த இலக்கமும் கடவுச்சீட்டில் உள்ள இலக்கமும் ஒத்துப்போக வேண்டும். ஆகவே அங்கே ஏலப் புத்தகத்தில் ஒரு தாயின் பெயர் அச்சாகியிருந்தால், அதற்குப் பின்னால் நூறாண்டுக்கு மேலான பதிவேடு நிற்கிறது. விற்பவர் பொய் சொன்னால் பதிவேடு காட்டிக்கொடுத்துவிடும்.

நம்மிடம் அப்படி என்ன இருக்கிறது? நெடுந்தீவில் அந்நியர் ஆட்சிக்காலத்துக் குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்றும் வெட்டவெளியில் மேய்கின்றன. எது எதன் குட்டி என்று எழுதி வைத்தவர் இல்லை. மாட்டுக்குக் குறிசுட்டு வவுச்சர் எடுக்கிறோம். 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தின்படி வந்த ஒழுங்கு அது. அந்தச் சீட்டு மாடு யாருடையது என்று சொல்லும். எந்தக் காளையின் கன்று என்று சொல்லாது. வியாபாரி ஒருவர் தானே அச்சடித்துத் தானே கையெழுத்திட்டுத் தரும் சான்றிதழுக்குப் பின்னால் எந்தப் பதிவேடும் இல்லை. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம்; நான் குறை சொல்லவில்லை. அவர் வாங்கிய இடத்தில் சொன்னதை அவர் உங்களுக்குச் சொல்கிறார், அவ்வளவுதான். அந்தத் தாளுக்காக ஐந்து மடங்கு விலை கொடுக்க வேண்டாம்.

அவரிடம் ஒன்று கேளுங்கள்: "இந்தக் கிடாயின் தாய் எங்கே நிற்கிறது? நான் போய்ப் பார்க்கலாமா?" பதிலில் பாதி விடயம் தெளிந்துவிடும்.

தாயை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், நான் கால்நடைப் போதனாசிரியராக வேலை தொடங்கிய காலத்தில் செய்த ஒரு தவறு இன்றும் மனதை உறுத்துகிறது. மல்லாவிப் பக்கத்து விவசாயி ஒருவருக்காக ஒரு விற்பனையில் நானே நின்று கிடாய் தெரிந்து கொடுத்தேன். வளைந்த மூக்கு, தோளைத் தொடும் காது, பின்தொடையில் குஞ்சம் போன்ற மயிர், நெஞ்சளவு உயரம். பார்த்தவர்கள் எல்லாரும் கையெடுத்துக் கும்பிடாத குறை. குட்டிகளும் அழகாகவே பிறந்தன. அந்தக் கிடாயின் மகள்கள் ஈன்றபோதுதான் விளங்கியது, ஒன்றின் மடியிலும் இரண்டு குட்டிக்குப் போதிய பால் இல்லை. குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுத்து அந்த வீட்டுப் பிள்ளைகள் களைத்துப்போனார்கள். இரண்டரை ஆண்டு உழைப்பு வீண். கிடாய்க்கு மடி இல்லாததால் அதன் பால் குணத்தை நாம் மறந்துவிடுகிறோம். அது தன் தாயின் மடியைத்தான் உங்கள் பட்டிக்குக் கொண்டுவருகிறது.

ஆகவே தாயை ஈன்ற நிலையில் பாருங்கள். அதுவும் மாலையில் உங்கள் கண்முன்னே ஒட்டக் கறக்கச் சொல்லி, மறுநாள் காலையில் மறுபடி போய்க் கறவையைப் பாருங்கள். விற்பனைக்கு முதல்நாள் கறக்காமல் விட்டு மடியைப் பருக்க வைப்பது பழைய வழக்கம். வீக்கத்தை மடி என்று நினைத்து ஏமாந்தவர்கள் பலர். கறந்த பின் நல்ல மடி துணிப்பைபோல் சுருங்கித் தொங்கும். கட்டியாக நின்றால் மடிவீக்க நோய் வந்துபோன மடி. காம்பு இரண்டுதான் இருக்க வேண்டும். இரட்டைக் குட்டி போட்டதா, இரண்டையும் தானே வளர்த்ததா என்று வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். ஆட்டுக்குத் தீன் போடுகிறவர்களுக்குத்தான் உண்மை தெரியும்.

தாயைப் பார்க்க வழியே இல்லை, ஏலத்தில்தான் வாங்க வேண்டும் என்றால், ஏலம் தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். ஆடு கட்டியிருக்கும்போது பார்க்காமல் நடக்கவிட்டுப் பாருங்கள். வாயைத் திறந்து கீழ்த்தாடையின் முன்பற்களைப் பாருங்கள். எட்டும் சிறு பால்பற்கள் என்றால் ஏறத்தாழ ஒரு வயதுக்குள். நடுவில் இரண்டு பெரிய பற்கள் வந்திருந்தால் ஒன்று முதல் ஒன்றரை வயது. நான்கு என்றால் இரண்டை அண்டிய வயது. எட்டும் மாறிவிட்டால் நான்கு ஆகிறது என்று எடுங்கள். உங்களுக்கு இரண்டு பல் கிடாய் போதும். பற்கள் மேல்தாடையின் ஈறுத் திண்டில் நேராகப் பொருந்த வேண்டும். ஜமுனாபாரியின் வளைந்த முகத்தோடு தாடைப் பொருத்தமின்மையும் சில வேளை சேர்ந்து வரும். அப்படிப்பட்டது தீன் கடிக்கச் சிரமப்படும், குட்டிகளுக்கும் அதைக் கொடுக்கும். கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். உட்புறம் செம்மையாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் வயிற்றில் இரத்தம் குடிக்கும் புழு இருக்கலாம். காதின் கீழும் தோளின் முன்னும் விரலை ஓட்டிக் கட்டி இருக்கிறதா என்று தேடுங்கள். முன்முழங்கால் வீங்கியிருந்தால் விலகிவிடுங்கள். விதைகள் இரண்டும் இறங்கி, ஒரே அளவாக, கையில் திண்ணென்று இருக்க வேண்டும். ஒற்றை விதைக் கிடாயை எவ்வளவு அழகானாலும் வாங்காதீர்கள். உங்கள் மறிகளில் கொம்பில்லாதவை இருந்தால் கொம்புள்ள கிடாயையே எடுங்கள். இரு பக்கமும் கொம்பில்லாமல் சேரும்போது ஆணுமில்லாமல் பெண்ணுமில்லாமல் மலட்டுக் குட்டிகள் பிறப்பதுண்டு.

வயிறு பருத்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். காலையில் உப்புக் கலந்த தவிட்டுத் தண்ணீர் காட்டினால் எந்த ஆடும் கொழுத்துத் தெரியும். முதுகெலும்பின் மேல் கையை வைத்து அழுத்திச் சதை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். வேல்ஸில் ஒரு குதிரைக்காரர் கையால் தடவிப் பார்ப்பதும் இதையேதான்.

ஏலத்தில் உங்கள் உச்ச விலையை வீட்டிலேயே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கூட்டத்தில் நின்று கேட்கும்போது மனிதருக்கு மானம் முன்னே வந்துவிடுகிறது. ஏற்றிவிடுவதற்கென்றே ஆள் நிற்பதும் உண்டு. அந்த விலை தாண்டினால் திரும்பி வாருங்கள். கிடாய் இன்னும் வரும்.

இனி, ஜமுனாபாரி உங்களுக்குப் பொருந்துமா என்பது. யமுனைக்கும் சம்பல் ஆற்றுக்கும் இடைப்பட்ட எட்டாவாப் பகுதியின் முட்பற்றைப் பள்ளங்களில் உருவான ஆடு அது. குனிந்து புல் மேய்வதைவிடத் தலையை உயர்த்தி இலை கடிப்பதையே விரும்பும். வன்னியின் பற்றைக்காட்டுக்கு அந்தக் குணம் மிக நல்லது. ஆனால் அது வறண்ட நாட்டு ஆடு. ஐப்பசி, கார்த்திகையில் நம் மண் சேறாகும்போது ஊர் ஆடு தாங்குவதைப்போல் அது தாங்காது. குளம்பு அழுகும், சளி பிடிக்கும். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இடைவெளி விட்டுப் பலகை அடித்த பரண் கொட்டில் இல்லாமல் கிடாயைக் கொண்டுவராதீர்கள். தம்பியின் பணத்தில் ஒரு பங்கு கொட்டிலுக்குப் போவது நட்டமில்லை. சீமைக்கிளுவை, பூவரசு, முருங்கை, பலா இலை என்று கலந்து கட்டுங்கள். இப்பில் இப்பில் மரத்தின் இலையும் கொடுக்கலாம், ஆனால் இலைத்தீனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், மயிர் கொட்டும்.

அயலில் மாட்டுப்பட்டிகள் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குக் கவலை வந்தது. மாட்டின் வயிற்றறையில் செட்டாரியா என்னும் நூல்போன்ற புழு வாழ்கிறது. மாட்டுக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. நுளம்பு அதன் குஞ்சுகளை எடுத்து ஆட்டுக்குள் விட்டுவிட்டால் அவை வழிதவறி மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் போய்விடுகின்றன. நேற்றுவரை நன்றாக நின்ற ஆடு இன்று பின்னங்காலை இழுக்கும், தலையைச் சாய்க்கும், விழுந்தால் எழும்பாது. செய்வினை என்று நூல் கட்டி நாளைக் கடத்தி ஆட்டை இழந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். குதிரைக்கும் இதே புழுவால் இதே நோய் வரும். ஆகவே தம்பி ஒரு நாள் மட்டக்குதிரை ஆசையோடு வன்னிக்கு வந்தாலும் இதை அவருக்குச் சொல்லுங்கள். ஆட்டுக் கொட்டிலைப் பட்டியிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு தூரத்தில் வையுங்கள். மாலையில் வேப்பிலைப் புகை போடுங்கள். கிடாயின் கொட்டிலுக்கு நுளம்பு வலை அடித்தால் இன்னும் நல்லது. கால் தடுமாறுவதைக் கண்ட அன்றே கால்நடை வைத்தியரிடம் ஓடுங்கள். தொடக்கத்தில் மருந்து பிடிக்கும், படுத்த பிறகு கடினம். மழைக்காலத்தில் முன்கூட்டியே மருந்து கொடுப்பதைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள். அளவை நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம்.

கொண்டுவரும் ஆட்டை மூன்று கிழமை உங்கள் ஆடுகளோடு சேர்க்காமல் தனியே கட்டுங்கள். வந்த அன்றே பூச்சி மருந்து கொடுத்து இரண்டு நாள் மேய விடாமல் வையுங்கள். மாவட்டம் கடந்து கொண்டுவருவதற்கு என்ன கடிதம் தேவை என்பதை ஏலத்துக்கு முன்பே உங்கள் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெரிய கிடாயைச் சிறிய ஊர் மறிக்குச் சேர்ப்பதில் ஓர் ஆபத்து உண்டு. குட்டி பெரிதாக வளர்ந்து வழியில் இறுகும். முதல் ஈற்று மறிகளை இந்தக் கிடாயிடம் விடாதீர்கள். இரண்டு முறையாவது ஈன்ற, இடுப்பு அகன்ற மறிகளை மட்டும் விடுங்கள். சினைக்காலம் ஐந்து மாதம். ஆவணியில் சேர்த்தால் தையில் குட்டி கிடைக்கும். மழை ஓய்ந்து இலை தழைத்திருக்கும் காலம். ஆனியில் சேர்த்தீர்களானால் கார்த்திகைச் சேற்றில் குட்டி விழும்.

ஒரு கிடாய் 25 மறிகளுக்குப் போதும். உங்களிடம் 12தான் இருக்கின்றன. அதோடு, முதல் மறிக்குட்டிகள் சேரும் வயதுக்கு வந்ததும் அந்தக் கிடாய் உங்கள் பட்டிக்கு உதவாது. தந்தையோடு மகளைச் சேர்த்தால் இனம் தேயும். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுப் பயனுக்கு ஐந்து மடங்கு விலையைத் தனியாகச் சுமப்பது ஏன்? நம்பிக்கையான இன்னொரு பட்டிக்காரரோடு சேர்ந்து வாங்குங்கள். அல்லது முத்தையன்கட்டுப் பக்கத்திலோ நெடுங்கேணியிலோ வேறு வழிவந்த கிடாய் வைத்திருப்பவரோடு பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போதும் அந்த மூன்று கிழமைக் காவல் தவறக்கூடாது.

குட்டிகளை நல்லினம் என்று விற்கலாமா என்று கேட்டீர்கள். ஜமுனாபாரி என்று விற்காதீர்கள். அவை பாதி இரத்தக் கலப்பு. அப்படியே சொல்லி விற்றால் வெட்கமில்லை. நம் மண்ணுக்குக் கலப்பே தோதானது என்பது என் எண்ணம். தூய இனத்தை வைத்துக் கஷ்டப்படுவதைவிட ஊர் ஆட்டின் தாங்கும் சக்தியோடு கொஞ்சம் உடலும் பாலும் சேர்ந்த மறியே உங்கள் காணிக்கு நல்லது.

அதற்கு விலை கிடைக்க ஒரு கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு மறிக்கும் காதில் இலக்கத் தோடு போடுங்கள். குட்டி பிறந்த நாள், தாயின் இலக்கம், கிடாய் எது, ஒற்றையா இரட்டையா, பிறந்த நிறை, மூன்றாம் மாத நிறை, தாய் குட்டிகளைத் தானே வளர்த்ததா, என்ன நோய் வந்தது என்று எழுதுங்கள். இறந்த குட்டியையும் எழுதுங்கள். அதை மறைத்த கொப்பியை யாரும் நம்ப மாட்டார்கள். கொக்கித் தராசு ஒன்றும் ஒரு சாக்கும் போதும், நிறுத்துவிடலாம். வேல்ஸில் அந்தப் பதிவேட்டைத் தொடங்கியவர்களும் குதிரைகளை ஒவ்வொன்றாக எழுதித்தான் தொடங்கினார்கள். ஒட்டுசுட்டானில் பத்துப் பெண்கள் இப்படி எழுதி, இலக்கங்களை ஒத்துப் பார்த்து வைத்தால், நாளை வாங்க வருகிறவர் தாயை மட்டுமல்ல, பாட்டியையும் பார்த்து வாங்கலாம்.

உங்கள் 12இல் எது ஆண்டுதோறும் இரட்டைக் குட்டியை வளர்த்துத் தருகிறது என்று உங்களுக்கே தெரியும். அடுத்த மாத ஏலத்துக்கு முன் அந்த மறியின் காதில் முதலாம் இலக்கத்தைப் போட்டு, கொப்பியின் முதல் பக்கத்தை எழுதிவிடுங்கள்.