அப்பச்சிக்கு 56-ல் வந்தது, நான் எப்போது பார்க்கணும்?

கேள்வி: எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 56 வயதில் பெருங்குடல் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள், அவர் இப்போது உயிரோடு இல்லை. எனக்கு 44. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் 50 தாண்டியதிலிருந்து வருடா வருடம் மல டெஸ்ட் கிட் வாங்கிப் பார்க்கிறார். நானும் பார்க்கணுமா என்று குடும்ப டாக்டரிடம் கேட்டேன். "வயித்துல ஒரு தொந்தரவும் இல்லையே, எதுக்கும்மா?" என்கிறார். என்ன செய்வது? (வாசகி, காரைக்குடி)

முதலில், அப்பச்சி விஷயத்தை டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லாமல் கேட்டிருந்தால் அவர் பதிலில் பாதி நியாயம் இருக்கிறது. மேலைநாடுகளைவிட இங்கே இந்த நோய் குறைவு. நம் தேசியத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுக்குத்தான் முன்கூட்டிய பரிசோதனை உண்டு, பெருங்குடலுக்கு இல்லை. அமெரிக்காவில் 2021-ல் தொடங்கும் வயதை 50-லிருந்து 45-ஆகக் குறைத்தார்கள் என்பதற்காக, நாமும் எல்லோரையும் வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை.

ஆனால் "தொந்தரவு இல்லையே" என்பதை நான் ஏற்கமாட்டேன். குடலின் உள்சுவரில் மொட்டுப்போல முளைக்கும் பாலிப் வலிக்காது. அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடம்போல ஆகும். அந்த இடைவெளியில் பிடிக்கத்தானே பரிசோதனை! தொந்தரவு வந்த பிறகோ, ரத்தம் என்றாலே மூலம் என்று முடித்துவிடுகிறோம். ஒருவர் என் மேஜையில் மஞ்சப்பையைக் கவிழ்த்தார். எட்டு மூல ஆயின்மென்ட் ட்யூப். ஒன்று மூடிகூடத் திறக்காதது. இரண்டு வருடமாக யாரும் கையுறை மாட்டி ஆசனவாயில் விரல்விட்டுப் பார்க்கவில்லை. ஒரு நிமிட வேலை. கட்டி விரலுக்கே தட்டுப்பட்டது.

உங்கள் கணக்கு வேறு. பெற்றோர், உடன்பிறந்தவர்களில் ஒருவருக்கு 60-க்குள் இந்த நோய் வந்திருந்தால், 40 வயதிலோ, அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்போ, எது முந்தியோ அப்போது தொடங்க வேண்டும். உங்களுக்கு அது 40. நாலு வருடம் தாண்டிவிட்டது. மல டெஸ்ட் போதாது, ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபிதான். சுத்தமாக இருந்தால் அடுத்தது ஐந்து வருடம் கழித்து. பாலிப் இருந்தால் பெரும்பாலும் அங்கேயே எடுத்துவிடுவார்கள்.

அப்பச்சியின் பயாப்ஸி (சதைத் துணுக்குப் பரிசோதனை) ரிப்போர்ட் பெட்டகத்தில் எங்காவது கிடக்கும். தேடி எடுத்து டாக்டரிடம் காட்டி, கொலோனோஸ்கோபிக்குக் கடிதம் வாங்குங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் ஒரு வாரம் முன்பே நிறுத்தவேண்டியிருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி மூன்று நாள் கீரை, விதையுள்ள பழம், கவுனி அரிசி வேண்டாம். மதுரைக்கோ திருச்சிக்கோ போவதானால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள். குடலைச் சுத்தமாக்கும் பேதி மருந்து குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார முடியாது. மயக்கம் தருவார்கள், கூட ஆள் வேண்டும்.

அண்ணனுக்கும் இதே கணக்குதான். கிட் வாங்கும்போது அப்பச்சி விஷயத்தை அங்கே சொன்னாரா என்று இன்று ராத்திரியே கேளுங்கள்.